அத்தைக்குக் கொடுத்த இங்கிலீஷ் வாக்கியம்

ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அப்பாவும் சித்தப்பாவும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த காலம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. வரப்புத் தகராறு என்றால் ஊரில் நாலு பேர் வந்து கயிறு பிடித்து அளந்து தீர்த்து வைத்துவிடுவார்கள். இதற்கு யாரைக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவள் என் அத்தை. அவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அவள் கடைசித் தங்கை. பெற்றவர்கள் இரண்டு பேரும் நான் பிறக்கும் முன்பே போய்விட்டதால் அவளுக்கு எல்லாம் அண்ணன்மார்தான். சுசீந்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில், ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், வேலைக்குப் போட பயோடேட்டா என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அடித்துத் தருவாள். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அந்த மாடிக்குப் போய், அவள் கடை பூட்டும் வரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக பஸ் ஏறுவோம்.

கடை போட அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. சம்மதித்த அன்றைக்கும் ஒரு வார்த்தை சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்: “வேலைன்னா வேலை. எவனாவது வந்து பேச்சுக் குடுத்தான், இவ பதில் சொன்னான்னு என் காதுல விழுந்துது, அன்னைக்கே பூட்டிருவேன்.” அப்பா சொன்னால் செய்கிற ஆள். பக்கத்துத் தெருவில் தானாக மாப்பிள்ளை தேடிக்கொண்ட ஒரு பெண்ணின் தகப்பனாரோடு அப்பா பேச்சையே விட்டிருந்தார். இத்தனைக்கும் அவர் அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

வந்த வரன் எல்லாம் அத்தைக்கு ஏதோ ஒன்றில் தட்டிக்கொண்டே போயிற்று. கடைசியில் தரகர் களியக்காவிளையிலிருந்து ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா அம்மா களியக்காவிளையில் பலசரக்கு மொத்த வியாபாரம். பொருத்தமும் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டே காரியம்தான் கேட்டார்களாம். பெண்ணுக்கு இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும், அங்கே போய் ஊமையாக இருக்கக் கூடாது. இன்னொன்று, தாய் தகப்பன் இல்லாத பெண் என்பதால் அண்ணன்மார் இரண்டு பேரும் ஒற்றுமையாக நின்று நடத்தித் தர வேண்டும். அண்ணன் தம்பி பேசாத வீட்டில் பெண் எடுத்தால் நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு யார் வருவது என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டார் நேரில் வருவது, அவர் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பெண் பார்ப்பது என்று முடிவாயிற்று. இந்தச் செய்தியைக் கேட்ட நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆள் எங்கே இருப்பார், எந்த வழியாகப் பார்ப்பார், நாம் முறுக்குக் கொடுத்தால் எப்படி வாங்கிக்கொள்வார் என்று அத்தையைத் துளைத்தெடுத்தேன். அவள் சிரித்துவிட்டு, “உள்ள ஒரு ஆளு உண்டு மக்கா. அவரு பாத்துக்கிடுவாரு” என்றாள்.

மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறவர் அப்பா. தங்கையின் கல்யாணம் இங்கிலீஷில் நிற்கிறது என்றதும் அவருக்கு ஒரு நிமிர்வு வந்துவிட்டது. என்ன கேள்வி வரும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அத்தையைக் கூடத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். முதல் கேள்வி, நீ என்ன வேலை செய்கிறாய். பதில், ‘ஐ வொர்க் ஆன் த கம்ப்யூட்டர்.’ அத்தை பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்து அதைத் திருப்பிச் சொன்னாள். அவளைவிட நான் நன்றாகச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து சித்தப்பா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. இந்தக் காரியத்துக்காகவே லீவு போட்டு வந்திருந்தார். சித்தியும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள்.

“அண்ணே, அது தப்பு. இன் த கம்ப்யூட்டர்னு போடு.”

“அது எப்படிடே?”

“மேல ஏறி உக்காந்தா வேலை பாக்கா? எல்லாம் உள்ளதான கெடக்கு.”

அப்பா வகுப்பில் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். “பஸ்ஸுல போறதை ஆன் த பஸ்ஸுன்னுதான் இங்கிலீஷ்காரன் சொல்லுவான். பஸ்ஸுக்கு மேல ஏறியா போறோம்?”

“தேரோட்டத்துக்கு மேல ஏறித்தான போனோம். நீயும்தான் இருந்தே.”

அத்தை தாளால் வாயை மூடிக்கொண்டாள். சித்தப்பா விடவில்லை. “காருல போனா இன் த காருன்னுதான் நீயே சொல்லிக் குடுத்தே. அப்போ கம்ப்யூட்டரு பஸ்ஸா, காரா? அதைச் சொல்லு மொதல்ல.”

அப்பாவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வராததை நாங்கள் மூன்று பேரும் பார்த்துவிட்டோம், அதுதான் வினையாகப் போயிற்று. பதில் கிடைக்காத அப்பா, “கிட்டங்கியில அட்டைப்பெட்டி எண்ணுகவன் எனக்கு இங்கிலீஷ் படிச்சுத் தாறான்” என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பா துவட்டிய கையை நிறுத்தினார். துண்டை மடித்துத் தோளில் போட்டார். “செரி. படிச்சவங்க நின்னு நடத்துங்க. எனக்குத் தேங்காய்ப்பட்டணத்துல கூட்டாளி வீடு இருக்கு. ஞாயித்துக்கிழமை நான் அங்க இருப்பேன்” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

எனக்கு அது ‘ஆன்’, ‘இன்’ சண்டையாகத்தான் தெரிந்தது. வீட்டில் ஒரு ஆள்தான் மேலே படிக்க முடியும் என்று இருந்த நாளில் அப்பா படிக்கப் போனதும், பிளஸ் டூ முடித்த கையோடு சித்தப்பா விமானம் ஏறியதும் அந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தன என்று அம்மா பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன். இன்றைக்கு நானும் காலை முதல் சாயங்காலம் வரை கம்ப்யூட்டரோடுதான் மல்லுக்கட்டுகிறேன். அப்பா சொன்னதுதான் சரி. ஆள் வேலை செய்வதெல்லாம் ‘ஆன்’தான். பெட்டியைக் கழற்றினால் உள்ளே கிடக்கிற தூசிக்கும் வயருக்கும்தான் ‘இன்’. ஆனால் ஏழு வயதில் நான் முழுக்க முழுக்கச் சித்தப்பா கட்சி. அவர் சொன்னது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது.

இருந்தாலும் விசாரிக்காமல் விடக் கூடாது என்று விசாரித்தேன். அம்மா அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். “ஏட்டி, சோறு அடுப்பு மேல இருக்கா, பானைக்குள்ள இருக்கா? எங்க இருந்தா என்ன, வெந்தா போராதா?” என்று துரத்திவிட்டாள். என் டீச்சரிடம் கேட்டேன். அது ஐந்தாம் வகுப்பில் வரும் என்றார். கடையில் அத்தை ஜெராக்ஸ் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் இருந்த துளைகளில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு பச்சை விளக்கு மினுங்கியது. ஒரு பல்லி முட்டை இருந்தது. காற்று சூடாக மூஞ்சியில் அடித்தது. யாரோ உள்ளேயிருந்து மூச்சு விடுவதாகவே நினைத்தேன்.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. சாயங்காலம் வாடிக்கைக்காரர்கள் ஓய்ந்த நேரத்தில் திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் விட்டு விட்டு எரியும். அத்தை அதை அழுத்துவாள். அதில் எழுத்து ஓடும், ஒரு மஞ்சள் மூஞ்சி இளிக்கும், அத்தை சிரிப்பாள், அவளும் ஏதோ அடிப்பாள். என்னவென்று கேட்டால் கொடை நோட்டீஸ் என்பாள். பெண் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு, கடலைமிட்டாய் கடித்ததில் என் மேல்வரிசை முன்பல் அந்தக் கடையில் வைத்துத்தான் விழுந்தது. அத்தை அதைத் தாளில் பொதிந்து என் பைக்குள் வைத்தாள். வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள். பிறகு உட்கார்ந்து என்னமோ அடித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். கொடை நோட்டீஸில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. பல் போன துக்கம் எனக்கு.

சித்தப்பா நிஜமாகவே பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அப்பா அந்தப் பக்கம் போனாலும் பார்க்காத மாதிரி போனார். அம்மா இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சாப்பாடு போட்டுக் களைத்துப்போனாள். “இந்தச் சவத்து வாக்கியத்துல இவளுக்க கல்யாணம் நின்னு போகப் போவுது” என்று என்னிடமே புலம்பினாள். அத்தைக்கு அந்தக் கடைசி இரண்டு நாளில் முகம் சுண்டிவிட்டது. முன்பு எத்தனையோ வரன் தட்டிப்போனபோது அவள் இப்படி ஆகி நான் பார்த்ததில்லை. போகிறது மைனி, வேறு வரும் என்று அவள்தான் அம்மாவைத் தேற்றுவாள். இந்த முறை அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் அப்பாவிடம் போனாள். “அண்ணே, நீங்க சொன்ன ஆன்னையே நான் சொல்லுகேன். சின்னண்ணனை மட்டும் ஒரு வார்த்தை நில்லுன்னு சொல்லுங்க” என்றாள். அப்பா தலையை ஆட்டினார். அங்கிருந்து சித்தப்பாவிடம் போனோம். “சின்னண்ணே, நீ சொன்னதைத்தான் சொல்லுவேன். நீ நிக்கல்லைன்னா நானும் அந்தப் பெட்டிக்கு முன்னால வந்து உக்கார மாட்டேன்” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். சித்தப்பா பையை அவிழ்த்துச் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டார்.

எனக்கோ தலை சுற்றியது. ஒரே வாய், இரண்டு வாக்கு. நாளைக்கு எதைச் சொல்வாள்? கேட்டதற்கு என் கன்னத்தைக் கிள்ளினாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முட்டுவலி, கடை மாடிக்கு ஏற முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரே எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆட்டோவில் சித்தப்பா மடியில், போர்வை சுற்றிக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. அம்மா வாசலில் நின்று, ஆரத்தி எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று யோசித்தாள். அதன் கூடவே ஒரு உருண்டைக் கண்ணும் வந்தது. அதுதான் காமிரா என்றாள் அத்தை. “இது ஒனக்கு எதுக்குட்டி?” என்று அப்பா கேட்டார். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க என்று சொல்லிக்கொண்டே வயரை மாட்டினாள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தரையில் குனிந்து வயர் மாட்டிய கல்யாணப் பெண்ணை நான் அவளுக்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

தையல் மெஷின் மேல் கம்ப்யூட்டர் ஏறியது. குத்துவிளக்கு ஏற்றி, நிறைநாழி நெல்லும் வைத்தாயிற்று. பெண் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும் என்று அப்பா சொன்னார். அப்படியானால் பெட்டி மேற்கே பார்க்க வேண்டும். பெட்டி மேற்கே பார்த்தால் மாப்பிள்ளை மேற்கே பார்த்தவராகிறார், அது ஆகுமா என்று தரகர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். இதற்குள் வேறொன்று புறப்பட்டது. இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அங்கே இன்னும் சனிக்கிழமை ராத்திரியாம். சனிக்கிழமை பெண் பார்க்கலாமா? எல்லாரும், களியக்காவிளையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “நம்ம பாக்கியது ஞாயிறு. அவன் சனியில இருந்தா இருக்கட்டு. பெட்டி எங்க பாத்தா என்ன, அவன் பொண்ணைப் பாத்தா போரும்” என்றார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

என்னிடம் அம்மா காலையிலேயே ஒன்று சொல்லியிருந்தாள். “பல்லில்லாம இளிச்சுக்கிட்டு நிக்காத. அவங்க போற வரை வாயைத் தொறக்கப்பிடாது.” நான் வாயைத் திறக்கவே இல்லை. களியக்காவிளை அம்மா என்னை மடியில் இழுத்து, “மோளுக்க பேரு என்ன?” என்று கேட்டபோதுகூட உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டேன். பேச வராத பிள்ளையோ என்று அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

டெலிபோன் வயரைச் செருகியதும் பெட்டி கீச்சென்று கத்தி, கரகரவென்று இரைந்தது. பிறகு திரையில் ஒரு சின்ன சதுரத்தில் மாப்பிள்ளை வந்தார். கண்ணாடி, மீசை, பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். கையை ஆட்டினால் கை ஒரு இடத்திலும் முகம் ஒரு இடத்திலும் நின்றது. “மோனே, சோறு தின்னியா?” என்று அவருடைய அம்மா தெருமுனை வரை கேட்கிற மாதிரி கூப்பிட்டார். அமெரிக்கா தூரம் அல்லவா, எல்லாரும் கத்தித்தான் பேசினோம்.

அத்தை தட்டத்தில் சாயா கொண்டுவந்தாள். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் அம்மா விளம்பினாள். எல்லாருக்கும் வைத்துவிட்டு ஒரு தட்டத்தைக் கம்ப்யூட்டர் முன்னாலும் வைத்தாள். மாப்பிள்ளைக்கு வைக்காமல் எப்படி? யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளைதான் திரையில் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். அந்தத் தட்டம் கடைசியில் யாருக்கு என்று எனக்கு ஒரு யோசனை இருந்ததால் நான் அதன் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன்.

பரீட்சை வைத்தவர் மாப்பிள்ளையின் அக்கா புருஷன். பேங்கில் வேலை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நீ என்ன வேலை செய்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார். எழுதிக் கொடுத்த அதே முதல் கேள்வி. அப்பா நாற்காலி நுனிக்கு வந்தார். சித்தப்பா தூணில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். நான் மூச்சை அடக்கினேன்.

“ஐ ரன் எ கம்ப்யூட்டர் சென்டர்” என்றாள் அத்தை.

அதில் அப்பா சொன்னதும் இல்லை, சித்தப்பா சொன்னதும் இல்லை. அதோடு நிறுத்தாமல், என்னென்ன அடித்துக் கொடுப்பாள், எந்த மாதத்தில் கூட்டம் அதிகம், மின்சாரம் போனால் என்ன செய்வாள் என்று இங்கிலீஷில் ஓட்டமாகச் சொல்லிக்கொண்டே போனாள். இவ்வளவு இங்கிலீஷை அவள் எங்கே வைத்திருந்தாள் என்று அப்பா வாயைப் பிளந்தார். அக்கா புருஷன் வேறு கேள்வி கேட்கவில்லை. போதும் போதும், கொள்ளாம், ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டார்.

நீயும் ஏதாவது கேள் மோனே என்று திரையைப் பார்த்துச் சொன்னார்கள். மாப்பிள்ளை எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை என்றார். அப்போது நான் தட்டத்தின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து அந்த உருண்டைக் கண்ணுக்கு நேராக வந்துவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்து, “மக்கா, பல்லு விழுந்தது வலிச்சுதா?” என்றார். சதுரத்துக்குள் அவர் சிரிப்பு பாதியில் அப்படியே நின்றுவிட்டது, லைன் போயிற்றா, அவரேதான் உறைந்தாரா தெரியாது.

அத்தை கையிலிருந்த தட்டம் கிணுங்கிற்று. சித்தப்பா திரையைப் பார்த்தார். என் மூடிய வாயைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அடுத்த கணம் கூடம் அதிரச் சிரித்தார். “பாத்தியளா, அமெரிக்கா காமிரா. பல்லு வரைக்கும் தெரியுது” என்றார். அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மகனின் கண் பார்வையை மெச்சி நெட்டி முறித்தார். வெற்றிலை மாற்ற நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவர்கள் புறப்பட்டபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. மாப்பிள்ளை தட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் அப்பாவும் சித்தப்பாவும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அத்தை விளம்பினாள். அப்பாவுக்கு எல்லாம் சந்தோஷம், ஒன்றைத் தவிர. “கடைசி வரை நான் எழுதிக் குடுத்ததை அவ சொல்லல்லியே” என்றார். “நான் சொன்னதையும்தான் சொல்லல்லை” என்றார் சித்தப்பா. சொல்லியிருந்தால் எதைச் சொல்லியிருப்பாள் என்று பேச்சு மறுபடி அங்கேயே வந்து நின்றது. இப்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வாதாடினார்கள். என் சித்தப்பாவுக்கு ஒரு கை கொடுக்க இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் அத்தாட்சி இருந்தது.

“சித்தப்பா சொன்னதுதான் சரி. மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்கு உள்ளதான் இருந்தாரு” என்றேன்.

“எப்படிட்டி சொல்லுக?”

“என் பல்லு விழுந்தது அவருக்குத் தெரிஞ்சுட்டே. நான் வாயைத் தொறக்கவே இல்லல்லா. அன்னைக்குக் கடையில வச்சு விழுந்தப்பவும் அவரு உள்ள இருந்து பாத்திருக்காரு.”

அப்பாவின் கை இலையிலேயே நின்றது. “தொறக்கல்லியா?”

“அம்மாதான் தொறக்கப்பிடாதுன்னு சொன்னா.”

“ஆமா, நாந்தான் சொன்னேன்” என்றாள் அம்மா, ஒன்றும் தெரியாமல். அப்பா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை ரசக் கரண்டியோடு நின்றாள். கரண்டியிலிருந்து ரசம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அப்போ அவருக்கு எப்படித் தெரியும்…” என்று அப்பா மெல்ல ஆரம்பித்தார்.

“அண்ணே” என்றார் சித்தப்பா. “நீ சொன்னதுதான் சரி. ஆன்தான்.”

அப்பா திரும்பினார். “என்னது?”

“ஆன் த கம்ப்யூட்டர். ஷார்ஜாவுல எங்க மேனேஜரு இங்கிலீஷ்காரன். அவன் ஆன்னுதான் சொல்லுவான். நானும் இத்தனை வருசமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒங்கிட்டத் தோத்துரப்பிடாதுன்னுதான் சொல்லாம இருந்தேன்.”

அப்பாவின் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. “நான் அப்பமே சொன்னேன்லாடே” என்றார். பஸ் ஏன் ‘ஆன்’, கார் ஏன் ‘இன்’, கம்ப்யூட்டர் எந்த வகை என்று எச்சில் கையோடு விளக்க ஆரம்பித்தார். அந்த ஒரு வாரத்தில் புத்தகம் புத்தகமாகப் புரட்டி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. சித்தப்பா கை காய்கிற வரை உட்கார்ந்து, ஆமா ஆமா என்று கேட்டார். நடுநடுவே சந்தேகம்கூடக் கேட்டார். என் பல்லை அப்பா மறந்தே போனார்.

கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்து கொடை நோட்டீஸ் அடிக்க முடியாமல் திண்டாடிய அத்தை இன்டர்நெட்டில் உதவி கேட்டு எழுதினாள் என்றும், அமெரிக்காவிலிருந்து பதில் எழுதியவர் களியக்காவிளைக்காரராக இருந்தார் என்றும், ஒரு வருஷம் அவர்கள் அந்தச் சின்னக் கட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும், தரகர் கையில் ஜாதகம் வந்த வழியே அதுதான் என்றும் நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அத்தையே சொன்னாள். அப்பாவுக்கு இன்று வரை தெரியாது. அவர் ஏற்பாடு செய்த கல்யாணங்களிலேயே நன்றாக அமைந்தது அதுதான் என்று எல்லாரிடமும் சொல்லுவார்.

அன்றைக்கு எனக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. அத்தை சித்தப்பாவுக்கு ரசம் ஊற்ற வந்தாள். ஊற்றி ஊற்றி இலை நிறைந்து வழிந்தது. “போரும் மக்கா” என்று சித்தப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் மூக்கு விடைக்க அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஜெயிக்கிற நேரத்தில் கட்சி மாறிவிட்டார். அதுவும் நான் அத்தாட்சி கொண்டுவந்து கொடுத்த பிறகு. அவர் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறுகிற நாள் வரை நான் அவரோடு பேசவில்லை.